பின்சீட்டுக்குக் கிடைத்த தண்ணீர்

ஜெசிந்தாவிடம் தூண்டில் பழகுகிறவர்களில் குலசேகரன்தான் வயதில் பெரியவர். டைல்ஸ் கடைக்காரர். அவளுக்குச் சித்தப்பா வயசு இருக்கும். ஆனாலும் வாய் நிறைய "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்.

மறுநாள் ஏரியில் விரால் மீன் பிடிக்கிற போட்டி. உயிர் இரை கூடாது, செயற்கை இரை மட்டும்தான். படகுக்கு இரண்டு பேர். எங்கே போவது, எங்கே நிறுத்துவது எல்லாம் முன்சீட்டுக்காரர் இஷ்டம். பின்சீட்டுக்காரர் கொண்டுபோன இடத்தில் வீசிக்கொள்ள வேண்டியதுதான்.

குலசேகரன் எப்போதும் பின்சீட்டு. போன இரண்டு போட்டியிலும் வெறுங்கை. இந்தத் தடவையும் அப்படியென்றால் கிளப்பிலிருந்து பேரை நீக்கிவிடுவார்கள். மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. போதாததற்கு, குலுக்கலில் அவருக்கு வந்த முன்சீட்டுக்காரர் சேவியர். போன வருஷம் கோப்பை வாங்கிய ஆள்.

கரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். உள்ளே ரப்பர் தவளை, ரப்பர் புழு, மினுங்குகிற தகடு என்று ஒரு கடையே இருந்தது.

"நாளைக்கு எதை மாட்டட்டும், மாஸ்டர்?"

"படகுல ஏறுங்க அண்ணே. இன்னைக்கு நீங்க முன்சீட்டு."

முன்சீட்டு கிடைத்ததும் மனுஷனைப் பிடிக்க முடியவில்லை. தாமரை இலை ஓரம் ஒரு வீச்சு, கோரைப்புல் பக்கம் ஒரு வீச்சு. ரப்பர் தவளை ஓரிடத்தில் நிற்கவில்லை.

ஓர் இலையைக் கிழித்துக்கொண்டு விரால் பாய்ந்தது. தவளையைக் கவ்வாமல் உள்ளே போய்விட்டது. அவசரமாக இன்னும் இரண்டு தடவை வீசினார். அசைவே இல்லை.

"சே, போச்சு," என்று படகைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார்.

அடுத்த கோரைக்கு வீசிக்கொண்டிருந்தபோது படகு ஆடியது. திரும்பினார். ஜெசிந்தா கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் துள்ளிக்கொண்டிருந்தது.

"எதுல விழுந்துச்சு?"

"ரப்பர் புழு."

குலசேகரன் பெட்டியிலிருந்த தவளைகளை ஓரம் தள்ளினார். "அப்போ நாளைக்குப் புழுதான்."

"அப்படியா சொன்னேன்?"

"பின்னே? புழு அடியில இறங்க ஈயக்குண்டு கட்டணுமா, வேண்டாமா? என்ன கலர்? சேவியரும் புழுவே போட்டா நான் எதைப் போடறது?"

"கொஞ்சம் மூச்சு விடுங்கண்ணே."

"எப்படி விடறது? நல்ல தண்ணி பூராவும் அவர் வீசி முடிச்சிருப்பார். எனக்கு எச்சில்தானே மிஞ்சும்? பயமா இருக்கு மாஸ்டர்."

ஜெசிந்தா மீனைத் தண்ணீரில் விட்டாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த மீன் எங்க விழுந்துச்சு?"

"கவனிக்கலையே."

"'போச்சு'ன்னு விட்டுட்டு வந்தீங்களே, அந்த இலைக்குக் கீழ."

குலசேகரன் அந்தத் தாமரைப் பக்கம் பார்த்தார்.

"புழுவை இறக்கிட்டு நான் பாட்டுக்கு உக்காந்திருந்தேன். நீங்க ஒரு தடவையாவது பின்னாடி திரும்பினீங்களா?"

"இல்ல."

"சேவியரும் திரும்ப மாட்டாரு."