சுக்குவுக்கு ஓட்ஸ் கஞ்சி

"பார்த்துப் பார்த்துதானே அம்மா செஞ்சு போடுதேன்? இதுக்கு ஏன் வயிறு போகுது?"

குற்றாலிங்கம் மாஸ்டர் நாய்க்குட்டியை மடியில் போட்டுக்கொண்டு குருவிடம் கேட்டார்.

மாஸ்டர் லேசுப்பட்ட ஆளில்லை. அவர் கல்யாணச் சமையல் என்றால் காலையிலேயே பட்டினி கிடந்து பந்திக்கு வருவார்கள். அப்பேர்ப்பட்டவர், ஞானம் வேண்டுமென்று மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். குருவான தவமணி அம்மாவுக்கு அவரைவிட வயது குறைவு. லாரியில் அடிபட்டுத் தாயை இழந்த குட்டி ஒன்றை அவர் கையில் கொடுத்து, "வளர்த்துக் கொண்டாங்க" என்றார் அம்மா. உபதேசம் அவ்வளவுதான்.

மாஸ்டர் அதற்குச் சுக்கு என்று பெயர் வைத்தார். உயிரையும் வைத்தார். கேசரி, பால்சோறு என்று ஊட்டித் தள்ளினார்.

இப்போது சுக்கு துவண்டு கிடந்தது. கால்நடை மருத்துவர் ஊசி போட்டுவிட்டுக் கறாராகச் சொல்லியிருந்தார்.

"இன்னொரு தடவை வயிறு கெட்டா குட்டி தாங்காது. ஓட்ஸை வெறும் தண்ணியில குழைய வேகவச்சு, ஆறினதும் கொஞ்சமா குடுங்க. கூடிப்போனா அதுவும் ஆகாது."

"வெறும் தண்ணியிலயா?" மாஸ்டருக்கு அது தன் தொழிலையே திட்டியது போல இருந்தது.

முதல் கிண்ணம் வந்தது. பால், வெல்லம், ஏலக்காய், நெய்யில் வறுத்த உலர்திராட்சை. ஆசிரமமே மூக்கை உறிஞ்சியது.

அம்மா ஒரு திராட்சையை எடுத்துக் காட்டினார்.

"இது நாய்க்கு விஷம், மாஸ்டர்."

"பாயசத்துக்குப் போடுறதாச்சே அம்மா!"

"பாயசம் யாருக்குப் பிடிக்கும்?"

"எனக்கு."

அம்மா கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த கிண்ணத்தில் திராட்சை இல்லை. பாலும் வெல்லமும் இருந்தன.

"இதுவுமா கூடாது?"

"இதுவும்தான்."

மூன்றாவதை வெறும் தண்ணீரில் காய்ச்சினார். உப்பு ஜாடிக்குப் போன வலது கையை இடது கையால் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது, பாவம்.

கஞ்சியில் ஆவி பறந்தது. அம்மா அவர் விரலைப் பிடித்து அதில் வைத்தார்.

"யம்மா!"

மாஸ்டர் உட்கார்ந்து துண்டால் விசிறினார். நன்றாக ஆறிய பிறகு, ஒரு சின்னக் கரண்டி எடுத்துத் தட்டில் வைத்தார்.

சுக்கு மோந்து பார்த்தது. ஒரு நக்கு நக்கியது. அப்புறம் தட்டையே தரையோடு தள்ளிக்கொண்டு போனது. வால் ஆடியது.

"ஒண்ணுமே போடலை அம்மா! தின்னுது!"

மாஸ்டர் அழுதேவிட்டார். எத்தனையோ ஊர் வாயாரப் புகழ்ந்தபோதும் அவருக்கு இப்படி நெஞ்சு நிறைந்ததில்லை.

தட்டு காலியானது. சுக்கு அண்ணாந்து அவரையே பார்த்தது. மாஸ்டரின் கை தானாகவே சட்டிக்குள் போய், பெரிய கரண்டியில் வழிய வழிய அள்ளிக்கொண்டு வந்தது.

சட்டென்று அம்மா, பந்தியில் போதும் என்கிறவர்கள் இலையை மறைப்பார்களே, அது மாதிரி இரண்டு கைகளையும் தட்டின் மேல் விரித்தார்.

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. "இதுக்கெல்லாம் நான் அசருவேனா அம்மா? மறைச்ச கை மேலயே ஊத்துற ஆளு நான்."

"தெரியும்," என்றார் அம்மா. "இந்தக் குட்டிக்கு மறைக்கவும் கை இல்லையே, மாஸ்டர்."