மூன்று பேர் சொன்ன பொய்

விருத்தாசலம் ரயில் நிலையத்தில் கொளஞ்சியைத் தெரியாதவர்கள் கிடையாது. பிறவியிலேயே பார்வை இல்லாத மனுஷன். பாசஞ்சர் வண்டிகளில் பாடித்தான் பிழைப்பு. அவன் கையில் ஒரு குச்சி இருக்கும். குச்சியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவன் மகள் செவ்வந்தி முன்னே நடப்பாள். தாய் பிரசவத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒன்பது வயதாகியும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பிள்ளை. ஆனால் எந்தப் பெட்டியில் இரக்கமுள்ளவர்கள் ஏறியிருக்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடும்.

அந்த நிலையத்துக்கு மத்தியானம்தோறும் சோற்றுப் பொட்டலங்களோடு வருகிறவள் சலேத்மேரி. மாதா கோயில் பெண்கள் நாலைந்து பேர் முறைவைத்துச் சமைப்பார்கள்; பிளாட்பாரத்துப் பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது இவள் பாடு. அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் சோத்தம்மா. ஒரு வேளைச் சோறு மறு வேளைப் பசிக்கு ஆகுமா என்ற கவலை அவளுக்கு எப்போதும் உண்டு. செவ்வந்தியைப் படிக்க அனுப்பேன் என்று கொளஞ்சியிடம் பல தடவை கேட்டுப் பார்த்தாள். அவன் சிரிப்பான்.

"கண்ணக் கழட்டி உங்ககிட்ட குடுத்துட்டு நான் எதால பாக்கறது, சோத்தம்மா?"

அந்தச் சிரிப்பு ஆடி மாதத்தோடு நின்றது. பிள்ளைகளை வாடகைக்கு எடுத்து வெளியூரில் பிச்சைக்கு விடுகிற ஒருவன் வந்து செவ்வந்தியைக் கேட்டான். கொளஞ்சி வாயில் வந்தபடி ஏசி அனுப்பினான். அந்த ஆள் மறுநாளும் வந்தான். பார்வையில்லாத தகப்பனிடமிருந்து ஒரு பிள்ளையைக் கேட்காமலே தூக்கிக்கொண்டு போக எவ்வளவு நேரம் ஆகும்? அன்றைக்குக் கொளஞ்சி தானே சலேத்மேரியைக் கூப்பிட்டு, பிள்ளையை எங்கேயாவது இட்டுக்கொண்டு போய்விடுங்கள் என்றான்.

பக்கத்து ஊரில் சிஸ்டர்கள் நடத்தும் பெண்பிள்ளைகள் இல்லம் ஒன்று இருந்தது. சலேத்மேரி போய் விசாரித்தாள். தாயோ தகப்பனோ இருக்கிற பிள்ளை என்றால் அவர்களுடைய ரேஷன் கார்டு வேண்டும், விலாசம் வேண்டும், வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள், நாலு மாதம் ஆகும் என்றார்கள். யாருமற்ற பிள்ளை என்றால் அதிகாரி பார்த்து அன்றைக்கே சேர்த்துவிடுவாராம். பிளாட்பாரத்துக்கு ஏது கதவு எண்? அவள் திரும்பி வந்து கேட்டதைக் கேட்டபடி கொளஞ்சியிடம் சொன்னாள். பொய் சொல் என்று அவள் வாய் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, அவன் பதிலுக்குக் காத்து நின்றாள். அவ்வளவுதான்.

இல்லத்தில் அதிகாரி கேட்டபோது கொளஞ்சியின் குரல் ஆடவில்லை.

"இது யாரு பெத்த புள்ளையோ, எனக்குத் தெரியாதுங்க. குச்சி புடிக்க வச்சிருந்தேன். சோறு போட்டேன்."

ஊரான் பிள்ளையை வைத்துப் பிச்சை எடுத்தாயா என்று அதிகாரி அவனைப் பிடிபிடியென்று பிடித்தார். பிறகு சலேத்மேரியிடம் திரும்பி, நீங்கள் தினம் பார்க்கிறவராயிற்றே, இவன் சொல்வது நிஜந்தானா என்று கேட்டார். அவள் கையிலிருந்த ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினாள். செவ்வந்தி அழவில்லை. அப்பனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் குச்சியின் மறுமுனையைச் சலேத்மேரிதான் பிடித்துக்கொண்டாள். பாதி வழியில் அவன், பிள்ளையின் குரலையாவது எப்போதாவது கேட்க முடியுமா என்றான்.

"மாசக் கடைசி ஞாயிறு புள்ளைங்களப் பாக்க விடுவாங்க. மாதா மேல ஆணையா உன்னக் கூட்டிட்டுப் போறேன்" என்று வாக்குக் கொடுத்தாள்.

அந்த ஞாயிறும் வந்தது. கொளஞ்சி சவரம் செய்து, யாரிடமோ இரவல் வாங்கிய சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். கேட்டில் நின்ற சிஸ்டர், உறவுக்காரர்கள் மட்டுந்தான் பார்க்கலாம், அதிலும் பிள்ளையை வைத்துப் பிச்சை எடுத்ததாகத் தன் வாயாலேயே சொன்ன ஆளை எப்படி விடுவது என்றார். உண்மையைச் சொன்னால் பிள்ளை மறுபடி பிளாட்பாரத்துக்கு வரவேண்டும். அவளை வாடகைக்குக் கேட்டவன் இன்னும் அங்கே டீ குடித்துக்கொண்டுதான் இருக்கிறான். சலேத்மேரி குச்சியின் முனையைப் பிடித்தபடி நின்றாள்.

சிஸ்டர் இளகிய மனசுக்காரர். இரவல் சட்டையைப் பார்த்து அவருக்கே என்னவோ போலாயிற்று. பிள்ளையையே கேட்போம், அப்பா என்று சொன்னால் நான் மேலே பேசிப் பார்க்கிறேன் என்று செவ்வந்தியை அழைத்து வரச் சொன்னார்.

எண்ணெய் வைத்துப் பின்னிய இரட்டைச் சடையோடு வந்தாள். அப்பனைப் பார்த்தாள். குச்சியின் மறுமுனை யார் கையில் இருக்கிறது என்று பார்த்தாள். இவர் உனக்கு யாரம்மா என்று சிஸ்டர் கேட்டார்.

"யாருமில்ல சிஸ்டர். எனக்கு யாருமே இல்ல."

பக்கத்தில் நின்ற சிஸ்டருக்குச் சொல்ல அத்தனை சத்தம் வேண்டியதில்லை. சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

கொளஞ்சி அவள் போன பக்கம் காதைத் திருப்பினான்.

"குரல் தேறியிருக்கு. வயிறாரச் சாப்புடுது" என்றான்.

அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் போகக் கேட்கவில்லை. பொங்கல் வரும்போது பிளாட்பாரத்திலும் அவனைக் காணோம். ஏதோ ஒரு ஊரில் வண்டியிலிருந்து இறங்கும்போது கால் தவறிவிட்டது என்கிறார்கள். வேறு ஊருக்குப் போய்விட்டான் என்பாரும் உண்டு. தேடிப் போக யார் இருக்கிறார்கள்?

தகப்பனும் சோத்தம்மாவும் மகளும் ஒரே பொய்யைத்தான் சொன்னார்கள். இதில் யார் சொன்னது சரி, யார் சொன்னது பிழை? நீங்களே சொல்லுங்கள்.

விடை: மகளை இந்தக் கேள்வியில் நிறுத்துவதே பாவம். கோபத்தில் சொன்னாளா, அப்பன் காதில் விழட்டும் என்று அத்தனை சத்தமாகச் சொன்னாளா, அது அவளுக்கும் ஆண்டவருக்கும் தெரிந்தது. கொளஞ்சி சொன்னது சரி. தன்னிடம் இருந்த ஒன்றையும் கொடுத்துவிட்டுச் சொன்னான். பிழை சலேத்மேரியுடையது. எழுதப் படிக்கத் தெரிந்தவள், 'இவன்தான் தகப்பன், இவனுக்கு வீடில்லை, பிள்ளைக்கு ஆபத்து' என்று நாலு வாசல் ஏறி மன்றாடியிருக்கலாம். பலித்திருக்குமா, தெரியாது. அவள் கேட்டே பார்க்கவில்லை. தலையாட்டுவது சுலபமாக இருந்தது. அந்தப் பொய்யில் தகப்பனுக்கு மகள் இல்லாமல் போனாள், மகளுக்குத் தகப்பன் இல்லாமல் போனான். சலேத்மேரிக்கு ஒரு குறையும் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயந்தரமும் திருப்பூரில் வேலை பார்க்கும் அவள் மகன் போன் செய்து, "சாப்டியாம்மா" என்று கேட்டான்.