நாலு பூச்சுச் சிவப்பு

பர்வீன் நடத்திய ஓவிய வகுப்பில் தேவசகாயம்தான் வயதில் மூத்த மாணவர். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆசிரியைக்கு அவருடைய மகள் வயது.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நாற்பதாவது திருமண நாள். மனைவி ஸ்டெல்லாவை முதன்முதலில் பார்த்த காட்சியை வரைந்துகொண்டிருந்தார். வள்ளியூர் ஸ்டேஷன், நடைமேடை, சிவப்புச் சேலை. வெள்ளிக்கிழமை காலை படத்தைத் தூக்கிக்கொண்டு வாடிய முகத்தோடு வந்தார்.

“டீச்சர், இதைவிடச் சிவப்பான சிவப்பு எந்தக் கடையில கிடைக்கும்?”

“ஏன் சார்?”

“நாலு பூச்சு பூசிட்டேன். ஸ்டெல்லா எட்டிப் பார்த்துட்டு, ‘எனக்கு எதுக்குச் செங்கல் கலர்ல சேலை?’ன்னு கேக்கா.”

பர்வீன் படத்தைப் பார்த்தாள். சேலைக்குப் பின்னால் பளிச்சென்று ஓர் ஆரஞ்சுச் சுவர்.

“இந்தச் சுவர் அங்க இருந்ததா?”

“இல்ல. சிவப்புக்கு ஒத்துப்போகட்டும்னு நானா போட்டேன்.”

“அவங்களுக்குப் பின்னாடி என்ன தெரிஞ்சுது?”

தேவசகாயம் யோசித்தார். “வாழைத்தோப்பு.”

பர்வீன் அவர் கையிலிருந்த சிவப்பு டியூபை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினாள். நீலத்தையும் மஞ்சளையும் அவர் முன்னால் தள்ளினாள்.

“தோப்பைப் போடுங்க. சேலையைத் தொடாதீங்க.”

“கெட்டுப்போச்சுன்னா திரும்ப வரைய நாள் இல்லையே டீச்சர்!”

அவள் அடுத்த மாணவியிடம் போய்விட்டாள்.

தேவசகாயம் பெருமூச்சு விட்டுப் பச்சையைக் குழைத்தார். இலை இலையாகச் சுவர் மறைந்தது. ஒரு மணி நேரம் கழித்து அவருடைய தூரிகை நின்றது. குனிந்து, விரலால் சேலையைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது.

“டீச்சர், நான் அசந்த நேரத்துல சேலையில எதையாவது பூசினீங்களா?”

“இல்லையே சார்.”

“தீயா எரியுதே!”

வகுப்பே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் தேவசகாயமும் ஸ்டெல்லாவும் படத்தையும் ஒரு பெட்டி அல்வாவையும் எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார்கள்.

“இப்பத்தான் இது என் சேலை” என்றாள் ஸ்டெல்லா.

“ஒரு சந்தேகம் டீச்சர்” என்றார் தேவசகாயம். “சிவப்பு நில்லுங்கும், பச்சை போங்கும். ரெண்டும் நேர் எதிரி. அதெப்படி ஒண்ணுக்கொண்ணு ஒத்தாசை பண்ணுது?”

“நம்ம வீட்டுல நடக்கலையா?” என்றாள் ஸ்டெல்லா. “நான் ஃபேனைப் போட்டா இவுக அணைப்பாக.”

பர்வீன் சிரித்தபடி இழுப்பறையைத் திறந்து சிவப்பை எடுத்தாள். தட்டில் ஒரு சொட்டுச் சிவப்பு, ஒரு சொட்டுப் பச்சை. இரண்டையும் தூரிகையால் நன்றாகக் கலக்கினாள்.

“ஐயே, சேறா ஆயிட்டே!” என்றாள் ஸ்டெல்லா.

“ரெண்டையும் ஒண்ணாக்கினா இதுதாம்மா” என்ற பர்வீன், தூரிகையைப் படத்தின் பக்கம் நீட்டினாள். “அதுஅது அதுவாவே பக்கத்துல நின்னா, அது.”