ஏகாம்பரத்தின் கூண்டு

வாயால் வடை சுடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வியாசர்பாடி ஏகாம்பரம் வடை சுட்டு, சட்னி அரைத்து, இலை போட்டுப் பரிமாறி, கை கழுவத் தண்ணீரும் மொண்டு ஊற்றுவார். சாப்பிட்டவன் வயிறுதான் காயும்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வியாசர்பாடி கேரம் மன்றத்தில் எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புளியந்தோப்புக்காரர்கள் பூதப்பந்து ஆட வருகிறார்கள். பூதப்பந்து என்றால் காலால் உதைக்கிறது இல்லை. மேஜைமேல் பலகையை விரித்து, கட்டம் கட்டமாகப் பொம்மைகளை நகர்த்துவது. குள்ளன், பூதம், எலிமூஞ்சி என்று ஒவ்வொரு பொம்மையும் ஒரு தினுசு. பகடை போட்டு எதிராளியை இடித்துத் தள்ளலாம். இடிக்கப் போன நம்ம ஆளே விழுந்தால் நம்ம முறை அத்தோடு போச்சு. பந்து வைத்திருக்கும் பொம்மை எதிர்க்கோட்டைத் தாண்டினால் கோல்.

செயலாளர் வில்சனின் தம்பி கப்பல் வேலைக்குப் போன இடத்தில் வாங்கி வந்த பலகை அது. வருஷத்துக்கு ஒரு பந்தயம். ஜெயித்த மன்றத்தில் பலகை இருக்கும். போன வருஷம் புளியந்தோப்பு தூக்கிக்கொண்டு போனது. இந்த முறை சமமாக முடிந்தாலும் பலகை அவர்களுக்கே. நம்ம ஆட்கள் பாவம், அட்டைப் பெட்டியைக் கிழித்துக் கோடு போட்டு, கேரம் காய்களை வைத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

ஆட வேண்டிய சேவியர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டான். வீட்டில் அவனோடு தினமும் ஆடுகிறவள் அவன் மனைவி ரோஸ்லின். பாதி நாள் அவள்தான் ஜெயிப்பாள். "நீ போய் ஆடு, வில்சனண்ணன்கிட்ட சொல்லு" என்று அனுப்பியிருந்தான். ரோஸ்லின் வந்தாள். கதவோரம் நின்றாள். 'நான் ஆடுறேன்' என்ற இரண்டு சொல்லும் மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றன. அதற்குள் ஏகாம்பரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக் குந்திவிட்டார்.

"இன்னாத்துக்கு யோசிக்கிறே வில்சா? நான் கீறேன்ல? என் கூண்டைப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

"எந்தக் கூண்டுண்ணே?"

"பந்து வெச்சிருக்கிறவனை நடுவுல வுட்டு, சுத்தி நாலு மூலைக்கும் நாலு குள்ளனை நிறுத்துறது. எல்லாப் பயலும் கட்டுவான். ஆனா எண்ணூர்ல நான் கட்டுனேன் பாரு, ஒரு கொசு உள்ள பூர முடியாது. தப்பித் தவறி ஒண்ணு பூந்துச்சு. வெளிய வர வழி தெரியாம உள்ளயே கெழவியாப் போச்சு."

கேரம் பலகையில் பவுடர் தடவிக்கொண்டிருந்த தனபால் தலையைத் தூக்கினான். ஏகாம்பரத்தின் அக்கா மகன் அவன். புளுகு காதில் விழுந்தால் அவனுக்குப் பல் கூசும்.

"எண்ணூர்ல யாரு மாமா இதை ஆடுறாங்க?"

"இப்ப ஆடுறதில்ல. என் கூண்டைப் பார்த்தப்புறம் வுட்டுட்டாங்க."

ரோஸ்லின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தினது வெட்கத்தால் இல்லை.

"எதிர் டீமுல ஒரு பூதம். இம்மாம் பெருசு. கூண்டை இடிக்க வந்துச்சு. என் குள்ளன் தோளை ஒரு சிலுப்பு சிலுப்புனான். பூதம் பலகையை வுட்டு, ஜன்னலை வுட்டு பறந்து, ஓடுற கூட்ஸ் வண்டில போய் வுயுந்துச்சு. கூடூர் தாண்டி டிடிஆர் புடிச்சு, டிக்கெட் இல்லேன்னு எறக்கி வுட்டாரு."

"கூட்ஸ் வண்டில ஏது மாமா டிடிஆரு?"

"அதான்டா நானும் சொல்றேன். கூட்ஸ்ல டிடிஆரே கெடையாது. இவனைப் புடிக்கறதுக்குன்னே ஒருத்தரை ஏத்தி வுட்டாங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு விழுந்ததும் ஏகாம்பரத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பகடை போட்டேன். ஒண்ணு வுயுந்துச்சு. ஒண்ணு வுயுந்தா நம்ம ஆளு காலி. நான் ஒண்ணியும் சொல்லல. சும்மா ஒரு மொறை மொறைச்சேன். அதுவா பொரண்டு ஆறாச்சு. கண்ணை எடுக்கல நான். ஏழு காட்டுச்சு."

"பகடைல ஏது ஏழு?"

"இல்லாததை எல்லாம் காட்டுற அளவுக்குப் பயம்டா அதுக்கு!"

வில்சனும் இப்போது சிரித்தார். பொய் மாலை போட்டுக்கொண்டு மேடை ஏறுகிறது, தான் கதவுக்குத் தாழ்ப்பாள் மாதிரி நிற்கிறோமே என்று ரோஸ்லினுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"ஆட்டம் போச்சு, போச்சு, போய்க்கினே கீது. கூண்டு அசையல. உள்ள இருக்கிற பயலுக்கோ வயசு ஏறுது. கல்யாணம் பண்ணி வெச்சேன்."

"பொண்ணு?"

"எதிர் டீமு எலிமூஞ்சி. கூண்டைச் சுத்திச் சுத்தி வந்துச்சா, பயலைப் பார்த்து மனசைக் குடுத்துருச்சு."

"கொசு பூராத கூண்டுல பொண்ணு மட்டும் எப்படிப் பூந்துச்சு மாமா?"

"தாலி கட்டுற நேரத்துக்கு ஒரு குள்ளனை டீ குடிக்க அனுப்புனேன். பேசாம கேள்றா. மேளம் இன்னா, பிரியாணி இன்னா! எதிர் டீமு பொண்ணு வீடாப் போச்சு, அவங்க இடிக்கறதை வுட்டுட்டுப் பந்தி பரிமாறுனாங்க. அப்பால ஒரு ஆம்பளப் புள்ள. கூண்டுக்குள்ளயே தொட்டில், காதுகுத்து. கூண்டு விலாசத்துல ரேஷன் கார்டு வந்துச்சு, கேஸ் சிலிண்டர் வந்துச்சு. வீட்டு வரி கேட்டு ஆள் வந்தான். அவனாலயும் உள்ள பூர முடியல!"

மன்றமே குலுங்கியது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ வந்து நின்றது. புளியந்தோப்புக்காரர்கள் பலகையைத் துணி போட்டு மூடி, சாமி சிலை மாதிரி இறக்கினார்கள். வில்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"சரிண்ணே, வேற ஆளும் இல்ல. நீயே ஆடு."

ரோஸ்லினின் தொண்டையில் நின்ற முள் எப்படித்தான் நகர்ந்ததோ.

"மாமா... கோல் யாரு போட்டது?"

சிரிப்பு நின்றது.

"இன்னாம்மா?"

"பந்து உள்ள இருந்தவர்கிட்டதானே இருந்துச்சு? கல்யாணம் பண்ணாரு, புள்ள பெத்தாரு, ரேஷன் வாங்குனாரு. கோட்டைத் தாண்டி எப்போ போனாரு?"

ஏகாம்பரம் வில்சனைப் பார்த்தார். தனபாலைப் பார்த்தார். ஏழு காட்டும் பகடை எங்கேயாவது கிடைக்குமா என்று மேஜையைக் கூடப் பார்த்தார்.

"அது வந்து... குடும்பஸ்தனாப் பூட்டான். அவனை இன்னாத்துக்கு அலைய வைக்கணும்னு வுட்டேன்."

"அப்போ டிராவா?"

"டிராதான். ஆனா எப்பேர்ப்பட்ட டிரா!"

"எந்திரிண்ணே" என்றார் வில்சன்.

"அட, சொல்றதை..."

"டிரா ஆனா பலகை திரும்ப ஆட்டோல ஏறும்ணே. எந்திரி. ரோஸ்லின், நீ ஆடுவியாம்மா?"

அவள் நேராகப் போய் உட்கார்ந்தாள். அதுவே பதில்.

அவளும் கூண்டுதான் கட்டினாள். ஆனால் முறைக்கு முறை நாலு மூலைக்காரர்களையும் முன்னால் நகர்த்தி வைத்து, நடுவில் இருப்பவனைக் கூடவே கூட்டிக்கொண்டு போனாள். ஆபத்து இல்லாத நகர்த்தலை எல்லாம் முதலில் முடித்துக்கொள்வாள். பகடையைக் கடைசியில்தான் கையில் எடுப்பாள். எதிரே ஆடியவன் அவசரக்குடுக்கை. எடுத்த எடுப்பில் இடிக்கப் போய், தன் பூதத்தையே குப்புறத் தள்ளி, பாதி முறைகளைப் பாழாக்கினான். கடைசிச் சுற்றில் பந்து கோட்டைத் தாண்டியது. ஒரே ஒரு கோல். ஆட்டோ காலியாகப் போனது.

எல்லோரும் பலகையைச் சுற்றிக் கத்திக்கொண்டிருக்க, ஏகாம்பரம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, கோல் போட்ட பொம்மையைக் கையில் எடுத்துத் தூக்கிக் காட்டினார்.

"இவன் யாருன்னு தெர்தாடா? எண்ணூர்ல என் கூண்டுக்குள்ள பொறந்தானே, அந்தப் புள்ள! மூஞ்சியைப் பாரு!"

தனபால் வாயைத் திறப்பதற்குள் ரோஸ்லின் பொம்மையை அவர் கையிலிருந்து வாங்கி, பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"இருக்கும் மாமா. அப்பன் மாதிரி உள்ளயே குந்திக்காம, இதாவது வெளிய வந்துச்சே."