தையல்நாயகியின் கைப்பிடி

அன்று காலை மடத்துச் சமையற்கட்டில் இருந்தவர்கள் மூவர். தலைமைச் சமையல்காரி ஆவுடையம்மாள், வயது நாற்பத்து நான்கு. கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்த பொன்னுத்தாய். ஏழாவது நாளாகச் சமையல் கற்க வந்திருந்த கயிலாசம், வயது அறுபத்தெட்டு. பூனையையும் சேர்த்தால் நால்வர்.

“இன்றைக்கும் வரவில்லை அம்மா” என்றார் கயிலாசம்.

“எது?”

“அவள் வைக்கும் மொச்சைக் குழம்பின் ருசி.”

அவர் மனைவி தையல்நாயகி இறந்து ஐந்து மாதம். குழம்பு வைக்கும் முறையை ஒரு நோட்டில் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தாள்.

“வீட்டில் சமைத்துச் சாப்பிடுங்கள் என்றார் டாக்டர். இந்த நோட்டைப் பார்த்துத்தான் சமைக்கிறேன். ரத்த அழுத்தம் ஏறுகிறது. வயிறு மத்தளமாக உப்புகிறது. ஒரே ஒரு வேளை, அவள் போட்டுச் சாப்பிட்ட மாதிரி இருந்தால் போதும். இன்றும் வராவிட்டால் நாளை முதல் ஓட்டல்தான்.”

“நோட்டை வாசியுங்கள்.”

“மொச்சை ஒரு கைப்பிடி. உப்பு மூன்று விரலால் ஒரு தடவை.”

ஆவுடையம்மாள் மொச்சை டப்பாவையும் ஒரு தட்டையும் அவர் முன் தள்ளினாள்.

“எடுங்கள் ஐயா.”

எடுத்தார்.

“எண்ணுங்கள்.”

இரண்டு முறை எண்ணினார். எழுபத்தொன்று.

“இது கையா, அகப்பையா?” என்று சிரித்தாள் பொன்னுத்தாய். “ஊருக்கே குழம்பு வைக்கலாம்.”

“யார் கைப்பிடி என்று எழுதியிருக்கிறது?” என்று கேட்டாள் ஆவுடையம்மாள்.

கயிலாசம் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அப்படி எதுவும் எழுதவில்லையே.”

“எழுதியவர் நீங்கள் கைப்பிடித்தவர்தானே?”

அவர் தம் உள்ளங்கையைப் பார்த்தார்.

பிறகு மெதுவாகச் சொன்னார்: “நானும் அவளும் கையோடு கை வைத்துப் பார்ப்போம். அவள் விரல் நுனி என் விரலின் மேல்மடிப்பு வரியோடு நின்றுவிடும். ‘மீதி எங்கேடி’ என்று கேலி செய்வேன்.”

“என்ன சொல்வார்?”

“‘இருப்பது போதும்’ என்பாள்.”

ஆவுடையம்மாள் தட்டை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

கயிலாசம் எழுபத்தொன்றையும் மறுபடி கையில் அள்ளினார். விரல்களை அந்த வரி அளவுக்கு மடக்கினார். மொச்சை ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்தது. பிறகு விழுவது நின்றது.

பொன்னுத்தாய் அரிவதை நிறுத்தியிருந்தாள்.

“ஐயா, ஊறப்போடத் தண்ணீர் வைத்துவிட்டேன். கையைத் திறங்கள்” என்றாள் ஆவுடையம்மாள்.

அவர் திறக்கவில்லை.

தட்டில் மிச்சம் இருபத்து மூன்று.