கணவாய் ஏறிய வெள்ளாடு

பனிமலை நாட்டில் ஓர் ஏரி இருந்தது. அதன் கரையில் மலையாட்டுக் கூட்டம் ஒன்று மேய்ந்து வந்தது. அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நடப்பது கருவளையன் என்ற கிடா. அந்த மலையில் அது ஏறாத முகடு கிடையாது.

கோடை வந்தால் இடையர்கள் கீழ்நாட்டிலிருந்து தங்கள் மந்தையை ஏரிக்கரைக்கு ஓட்டி வந்து பட்டி போடுவார்கள். அந்த ஆண்டு வந்த மந்தையில் சந்தனி என்றொரு வெள்ளாடு இருந்தது. அதற்கு ஒரு குட்டி. அப்போதுதான் புல் கடிக்கப் பழகியிருந்தது. தண்ணீர் குடிக்க வந்த இடத்தில் சந்தனிக்கும் கருவளையனுக்கும் நட்பு உண்டாயிற்று.

"அதோ அந்தக் கணவாயில் நின்றால் என்ன தெரியும்?" என்று ஒருநாள் கேட்டது சந்தனி.

"அந்தப் பக்கம் முழுக்கப் பனிமலைகள்தான்! அலை அலையாகப் போய்க்கொண்டே இருக்கும்."

"எனக்கும் பார்க்க ஆசையாக இருக்கிறது."

"அவ்வளவுதானே? நானே கூட்டிப் போகிறேன்!"

பக்கத்தில் மேய்ந்த மலையாடுகள் இதைக் கேட்டுச் சிரித்தன. "பட்டியில் வளர்ந்த ஆடு கணவாய் ஏறுமா? பாதியிலேயே இறங்கி வந்துவிடும்!"

கருவளையனுக்குச் சுருக்கென்றது. "ஏற்றிக் காட்டுகிறேன், பாருங்கள்! முடியாவிட்டால் இனி உங்களுக்கு முன்னால் நான் நடக்க மாட்டேன்!" என்றது.

மறுநாள் விடிந்ததும் இரண்டும் புறப்பட்டன. குட்டியைத் தன் தங்கை செவலையிடம் விட்டுவிட்டு வந்தது சந்தனி. புல்வெளி முடிந்தது. சரளைக்கல் சரிவு வந்தது. கால் வைத்தால் கல் உருண்டது. சந்தனி தடுமாறினாலும் விடாமல் ஏறியது.

சரிவின் பாதியில் அது நின்றுவிட்டது. மூச்சு வாங்கியது.

"கருவளையா, தலை பிளக்கிறது. வயிற்றைப் புரட்டுகிறது. திரும்பிவிடலாமா?"

"மேலே காற்று மெலிது. புதிதாக ஏறுகிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். கொஞ்ச தூரம்தான்!"

அப்போது ஒரு மலைக்காகம் அவற்றின் தலைக்கு மேல் வட்டமிட்டது. "மேற்கே மேகம் திரள்கிறது! கீழே இறங்குங்கள்! அந்த வெள்ளாட்டின் கண்ணைப் பார், செருகிப் போயிருக்கிறது!" என்று கத்தியது.

"பறக்கிற உனக்கு நடக்கிறவர்களைப் பற்றி என்ன தெரியும்? போ!" என்று விரட்டியது கருவளையன்.

ஆனால் சந்தனியின் கண்ணை அதுவும் பார்த்தது. திரும்பிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கீழே ஏரிக்கரையில் கூட்டம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. எல்லாம் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதாக அதற்குத் தோன்றியது.

"நீ திரும்பினால் அவர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? எனக்காக நட!" என்றது.

சந்தனி மறுபடி கால் எடுத்து வைத்தது. நட்புக்காக நடந்தது.

கணவாயை அவை எட்டியபோது மேகமும் எட்டிவிட்டது. பனி கொட்டியது. நாலடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. சந்தனியின் முன்னங்கால்கள் மடங்கின. அப்படியே பனியில் சாய்ந்தது.

"எழுந்திரு, சந்தனி! வந்துவிட்டோம்! இனி இறக்கம்தான்!" கருவளையன் கொம்பால் முட்டித் தூக்கப் பார்த்தது. முடியவில்லை. காற்று வரும் பக்கம் அதற்கு அணைவாகப் படுத்துக்கொண்டது.

"வந்துவிட்டோமா?" என்று முனகியது சந்தனி. "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே. மலைகள் எங்கே?"

சுற்றிலும் வெறும் வெள்ளைப் புகைதான்.

"அதோ தெரிகிறது பார். வெயில் பட்டு மின்னுகிறது. ஒன்றின் பின்னால் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கிறது" என்றது கருவளையன்.

"அப்படியா..." என்றது சந்தனி. பிறகு அது பேசவே இல்லை.

பனி ஓய்ந்ததும் கருவளையன் தனியாக இறங்கியது. ஏரிக்கரையில் கூட்டம் ஓடிவந்தது. "ஏறிவிட்டீர்களா? வெள்ளாடு ஏறிவிட்டதா?" என்று கேட்டது.

கருவளையன் நிற்காமல் பட்டிக்கு நடந்தது. செவலை அதைப் பார்த்தது. அதன் பின்னால் பார்த்தது. யாரும் வரவில்லை.

"பனி வந்து அக்காளைக் கொண்டுபோய்விட்டதா?" என்று கேட்டது.

'ஆம்' என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"இல்லை. உடம்பு முடியவில்லை, திரும்பலாம் என்று பாதியிலேயே சொன்னாள். நான்தான் கேட்கவில்லை."

செவலை முகத்தைத் திருப்பிக்கொண்டது. குட்டிக்கு எதுவும் புரியவில்லை. மலைப் பக்கம் பார்த்து "அம்மா!" என்று கத்தியது. பட்டியைத் தாண்டி ஓடப் பார்த்தது. கருவளையன் குறுக்கே போய் நின்றது. குட்டி மிரண்டு பின்வாங்கியது.

கோடை முடியும் வரை கருவளையன் நாள்தோறும் இளம்புல்லைக் கடித்துக் கொண்டுவந்து பட்டி ஓரத்தில் வைத்தது. குட்டி அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. மந்தை கீழ்நாட்டுக்குத் திரும்பிய அன்று, கிடா பாதையோரம் நின்றது. குட்டி அதைப் பார்க்காமலே நடந்து போயிற்று.

நம்மை நம்பிக் கூட வந்தவர் முடியவில்லை என்று சொன்னால், நம் வீம்பை விட்டுவிட்டு அந்த இடத்திலேயே அவரோடு திரும்பிவிட வேண்டும்.