கூடைக்காரி உட்கார்ந்த நாள்

கேட்க வந்தவர்கள் எல்லோரும், பெரியவரும் சிறியவரும், முதலில் நன்றாக உட்கார்ந்துகொள்ளுங்கள். நின்றுகொண்டு கேட்கிற கதை இல்லை இது.

வெகு வெகு காலத்துக்கு முன்னே, மலைக்கு இந்தப் பக்கம் உப்பங்கரை நாடு, அந்தப் பக்கம் பொன்வயல் நாடு. உப்பங்கரையில் மருதாயி என்று ஒரு கூடைக்காரி இருந்தாள். பிளந்த மூங்கிலைக் கால் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு அவள் பின்னினால், கூடையில் தண்ணீர்கூடக் கொஞ்ச நேரம் நிற்கும். உப்பு வாங்க வந்த பொன்வயல்காரன் சேந்தன் ஒரு கூடை வாங்கினான். மறுநாள் இன்னொன்று வாங்கினான். மூன்றாம் நாள், "கூடை போதும், நீ வந்தால் போதும்" என்றான். கல்யாணம் முடிந்தது. இருவரும் அவன் நாட்டுக்குப் புறப்பட்டார்கள்.

"உங்க ஊர்ல நான் என்ன செஞ்சு பிழைக்கிறது?" என்று கேட்டாள் மருதாயி.

"பிழைப்பா? எங்க ஊர்ல யாரும் வேலையே செய்யறதில்ல. உலக்கை தானா குத்தும். ஏற்றம் தானா இறைக்கும். விசிறி தானா வீசும்."

"அப்போ கூடையும் தானா பின்னிக்குமா?"

சேந்தன் சிரித்தான். "கூடைதான் எங்ககிட்ட இல்ல. நீ ராணி மாதிரி பிழைக்கலாம்."

நடந்தார்கள், நடந்தார்கள், மலை தாண்டி நடந்தார்கள். கோட்டை வாசலில் மாகாளன் என்ற மந்திரவாதி நின்றிருந்தான். அரசருக்கு அவன் வைத்ததுதான் சட்டம்.

"வாழ வந்தவளா? ஆணோ பெண்ணோ, கல்யாணம் கட்டி இந்த நாட்டுக்கு வந்தவர்கள் அரண்மனையில் மூன்று நாள் வேலை செய்ய வேண்டும். அதற்குப் பிறகு மூங்கில் தோப்பு தருவோம், தொழில் செய்யலாம். ஒன்றே ஒன்று. அரசர் 'உட்கார்' என்று சொல்லும்வரை உட்காரக் கூடாது. நிற்பதுதான் இங்கே மரியாதை."

மருதாயிக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. புகுந்த இடத்தில் மரியாதை காட்டுவதில் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தாள். நம் ஆட்கள் ஏமாறுவதெல்லாம் இந்த இடத்தில்தான்.

முதல் நாள் முழுக்க நின்று கூட்டினாள். அரசர் ஒன்றும் சொல்லவில்லை. பொழுது சாயும்போது பாதம் இரண்டும் மரத்துப்போயிருந்தன. தட்டினாள். 'டொக்' என்றது.

இரண்டாம் நாள் முழுக்க நின்று துடைத்தாள். அரசர் ஒன்றும் சொல்லவில்லை. முழங்கால்வரை தொட்டுப் பார்த்தாள். தோல் இல்லை, மரப்பட்டை.

அன்று சாயங்காலம் தட்டுத் தடுமாறி வீட்டுக்கு வந்து, விழாமல் இருக்க உலக்கையைப் பிடித்தாள். உலக்கை வேர்த்திருந்தது. கை சூட்டோடு வெதுவெதுவென்று இருந்தது.

"பார்த்துப் பிடிம்மா," என்றது உலக்கை. "ரெண்டாம் நாளா? முழங்கால் வரைக்கும் வந்துடுச்சா?"

மருதாயி குனிந்து உலக்கையை உற்றுப் பார்த்தாள். "யாரு நீங்க?"

"நானும் வாழ வந்தவதான். உன் மாமியா. சேந்தன் கைக்குழந்தையா இருந்தப்போதான் இந்தச் சட்டம் வந்துச்சு, முன்னாடியே வாழ வந்தவங்களையும் நிக்க வெச்சாங்க."

வாசற்படியில் நின்ற சேந்தனின் கையிலிருந்து தண்ணீர்க்குடம் விழுந்தது. அம்மா ஓடிப்போய்விட்டாள் என்றுதான் அவனுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். உரலுக்குள் கையைவிட்டு அவன் விளையாடிய நாட்களில், இந்த உலக்கை அந்தரத்தில் அப்படியே நின்றுவிடும். நல்ல உலக்கை என்பார் அப்பா.

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியும்டா. சோறு வெந்துக்கிட்டிருந்துச்சு, அவர் ஏன் கேக்கப்போறார்?"

"ஏன் அத்தை நீங்க நிறுத்தல?" என்றாள் மருதாயி.

"ராஜா சொல்லணுமே. இன்னைக்குச் சொல்வாரு, நாளைக்குச் சொல்வாருன்னு இருபது வருஷமா காத்திருக்கோம். ஏற்றமும் காத்திருக்கு, விசிறியும் காத்திருக்கு. சொல்லாம உட்கார்ந்தா பாவம்மா."

சேந்தன் மருதாயியின் கையைப் பிடித்தான். "வா, இப்பவே உங்க ஊருக்குப் போயிடலாம்."

"இந்த மரக்காலோடவா? உங்க அம்மாவை நெல்லு குத்த விட்டுட்டா?" மருதாயி உலக்கையின் பக்கம் திரும்பினாள். "அத்தை, நாளைக்கு நான் உட்காரப்போறேன். உங்க ஆளுங்க எல்லாருக்கும் சொல்லிவிடுங்க."

"மாகாளன் உன்னை முழுசா மரமாக்கிடுவான்டி."

"நின்னாலும் அதுதானே நடக்குது."

மூன்றாம் நாள் சபை கூடியது. அரசருக்குப் பின்னால் மயில்விசிறி தானாக வீசியது. மருதாயிக்கு மரம் இடுப்பை எட்டிவிட்டது. இன்னும் சிறிது நேரத்தில் பொழுது சாயும். அவள் இடுப்பில் செருகிக் கொண்டுவந்திருந்த மூங்கில் பிளாச்சைக் கையில் எடுத்தாள். காலை மடக்கினாள். படீர் என்று பட்டை வெடித்தது. உயிர் போகிற வலி. பல்லைக் கடித்துக்கொண்டு சபை நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுந்திரு," என்றான் மாகாளன். அவள் எழவில்லை.

"எழுந்திரு." அவள் எழவில்லை.

"எழுந்திரு." அவன் குரல் நடுங்கியது.

"என் முன்னாலா உட்காருகிறாய்?" என்றார் அரசர்.

"என் தொழிலை உட்கார்ந்துதான் செய்யணும், ராஜா. நின்னுக்கிட்டே கூடை பின்ன நான் கொக்கா?"

வெடித்த பட்டைக்குள் கட்டைவிரல் அசைந்தது. மூங்கிலைப் பிடித்தது. அந்தக் கணமே நாடு முழுக்க ஓர் அமைதி. வீட்டுக்கு வீடு உலக்கை நின்றது. கிணற்றுக்குக் கிணறு ஏற்றம் நின்றது. அரசரின் தலைக்கு மேல் விசிறி நின்றது. எல்லாம் தரையில் சாய்ந்தன. விழுந்த இடத்தில் கட்டைகள் இல்லை, மனிதர்கள். முந்நூறு பேர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

அரியணைக்குப் பின்னால் நரைத்த தலையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அரசர் திரும்பிப் பார்த்தார். தாய்வீடு போய்விட்டாள் என்று சொல்லப்பட்ட அரசி. சொன்னவன் மாகாளன்தான், ஆனால் பன்னிரண்டு வருடமாக அவர் ஒருநாளும் ஆள் அனுப்பி விசாரிக்கவில்லை.

"கை வலிக்குது," என்றாள் அரசி. அவ்வளவுதான் சொன்னாள். அரசர் அரியணையை விட்டு இறங்கி, அவளுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

அதைப் பார்த்துச் சபையும் உட்கார்ந்தது. நின்றவன் மாகாளன் ஒருவன் மட்டும். மந்திரத்துக்கு நிற்கிற ஆள் வேண்டும். அது அவனையே எடுத்துக்கொண்டது. பாதம் மரமானது, முழங்கால் மரமானது, தாடி கிளையானது. அவனையும் பட்டை உரித்துப் பார்த்தார்கள், உள்ளே உளுத்திருந்தது.

மூங்கில் தோப்பை அரசர் கொடுத்ததாக அரண்மனை எழுதிவைத்திருக்கிறது. மருதாயி எடுத்துக்கொண்டாள் என்பதுதான் உண்மை. பொன்வயலில் முதல் கூடைக்கடை அவளுடையது. முந்நூறு பேரும் அவரவர் தொழிலை எடுத்தார்கள், உட்கார வேண்டிய வேலையை உட்கார்ந்து செய்தார்கள். வேலையே அறியாத ஊர்க்காரர்களின் கை கொப்பளித்தது. கொப்பளிக்கட்டும்.

சேந்தன் வீட்டில் இப்போது நெல் குத்துவது அவன் அப்பா. கருங்காலி மரத்தில் வெட்டிய புது உலக்கை. வேர்த்து வழிந்து, மூச்சு வாங்க, ஒரு பிடி அரிசியை எடுத்துக்கொண்டு வந்து மனைவியிடம் காட்டினார்.

அவள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் எட்டிப் பார்த்தாள்.

"உமி போகல," என்றாள். "இன்னும் குத்துங்க."